ஒரே சாவியோடு வந்த செகண்ட் ஹேண்ட் புஷ் ஸ்டார்ட் கார்: முதலில் எதைச் செய்வது?

#1 தெருவிளக்கு

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், புஷ் ஸ்டார்ட். விற்றவர் கொடுத்தது ஒரு ஸ்மார்ட் சாவிதான். இன்னொன்று தொலைந்துவிட்டது என்கிறார். போர்ட்டிகோ கிடையாது, ராத்திரி தெருவில்தான் நிற்கும். சாவி மாட்டும் ஸ்டாண்டு வாசக்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அங்கிருந்து வண்டி ஏழெட்டு மீட்டர். 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கியர் லாக், ஜிபிஎஸ், அலாரம், சாவிக்கான சிக்னல் தடுப்புப் பை, இதில் எதை முதலில் வாங்கலாம்? இன்சூரன்ஸுக்கு ஒரு சாவி போதுமா?

#2 சாவிக்கொத்து

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. உங்க வண்டியோட மெமரியில எத்தனை சாவி பதிவாகியிருக்குன்னு பாருங்க. உங்க கையில ஒண்ணு இருக்குங்கிறது ஒரு கணக்கு, வண்டிக்குத் தெரிஞ்ச கணக்கு வேற. தொலைஞ்ச சாவி எங்கயோ ஒரு டிராயர்லயோ யாரோட பையிலயோ உயிரோட இருக்கு. அந்தச் சாவிக்கு உங்க அலாரமும் வாயைத் திறக்காது.

சர்வீஸ் சென்டர் ஸ்கேனர்லயும், நல்ல சாவி புரோகிராமிங் கடைக்காரரோட கருவியிலயும் இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாம இன்ஜினை எடுக்க விடாத அமைப்பு) மெனுவுக்குள்ள போனா பதிவான சாவிகளோட எண்ணிக்கை காட்டும். பெரும்பாலான மாடல்கள்ல இது தெரியும். உங்க முன்னாடியே பார்க்கச் சொல்லுங்க. பிறகு புது சாவி ஒண்ணு வாங்கி, பழைய பதிவு மொத்தத்தையும் அழிச்சுட்டு, கையில இருக்கிற ரெண்டை மட்டும் எழுதச் சொல்லுங்க. "புது சாவி சேர்க்கணும்"னு மட்டும் சொன்னா, சில கார்கள்ல பழசு அப்படியே இருக்கும், இது கூடுதலா ஒண்ணா உட்காரும். "அழிச்சுட்டு எழுதுங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். முடிஞ்சதும் ஸ்கேனர்ல 2ன்னு காட்டினாத்தான் பணம்.

போகும்போது ஆர்சி, அடையாள அட்டை, இருக்கிற சாவி, சாவியோட வந்த, சாவி எண் பொறிச்ச குட்டித் தகடு இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க. பேட்டரி பழசா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. பதிவு நடக்கறப்ப வோல்டேஜ் பாதியில விழுந்தா கன்ட்ரோல் யூனிட் லாக் ஆகி நிக்கும், அப்புறம் அதை மீட்கறது பெரிய செலவு. பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல இருக்கணும், ஏசி, லைட்டு எல்லாம் அணைச்சிருக்கணும். சார்ஜர் மாட்டி வெச்சே எழுதறவர்தான் தொழில் தெரிஞ்சவர்.

அந்தக் குட்டித் தகடு கிளவ் பாக்ஸ்ல கிடந்தா இன்னைக்கே வீட்டுக்குள்ள எடுத்து வைங்க. அந்த எண்ணை வெச்சே சாவியோட உலோகப் பகுதியை வெட்டிடலாம்.

ஸ்மார்ட் சாவி விலை மாடலைப் பொறுத்து மாறும், சிலதுக்கு பத்தாயிரத்தையும் தாண்டும். உங்க பட்ஜெட்டுல பெரும்பங்கு இதுக்கே போனாலும் வருத்தப்படாதீங்க.

#3 ரிலே87

சாவிக்கொத்து அண்ணன் சொன்ன வரிசையோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அடுத்தது அந்தச் சாவி ஸ்டாண்டு. அதை வாசலை விட்டு எடுத்துவிடுங்கள்.

ஸ்மார்ட் சாவி இரண்டு வழியில் பேசுகிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு குறைந்த அதிர்வெண் அழைப்பை அனுப்பும். இதன் எல்லை ஒன்றிரண்டு மீட்டர்தான். சாவி அதைக் கேட்டுவிட்டு 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும், அந்தப் பதில் பல மீட்டர் போகும். சாவி பக்கத்தில் இருந்தால்தான் அழைப்பு கேட்கும் என்பதுதான் கார் வைத்திருக்கும் நம்பிக்கை. ரிலே திருட்டு உடைப்பது அந்த நம்பிக்கையைத்தான். ஒருவன் கார் கதவருகே நிற்பான், இன்னொருவன் உங்கள் வாசக்கதவருகே சிக்னலை நீட்டும் பெட்டியோடு நிற்பான். காரின் அழைப்பை இவன் வாங்கி அவனுக்கு அனுப்ப, அவன் சாவிக்குக் கேட்கிற மாதிரி திரும்ப ஒலிபரப்புவான். சாவி உண்மையான பதிலையே தருகிறது. ரகசியக் குறியீட்டை யாரும் உடைக்கவில்லை, தூரத்தை மட்டும் ஏமாற்றுகிறார்கள். சூரிச் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011லேயே 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், சாவி இல்லை என்று டேஷ்போர்டு கத்துமே தவிர இன்ஜின் நிற்காது. ஓடுகிற வண்டி நடுரோட்டில் அணைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அணைக்காமல் ஓட்டிக்கொண்டே போய்விடலாம்.

புதிய சில மாடல்களில் சாவி அசையாமல் கிடந்தால் சில நிமிடங்களில் தானே உறங்கிவிடும். இன்னும் சிலவற்றில் அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கிறது. சிக்னல் போய்வரும் நேரத்தை அளந்து அது தூரத்தைக் கணக்கிடும். ரேடியோ அலை ஒரு நானோசெகண்டில் 30 செ.மீ. போகும் என்பதால் பெட்டி வைத்து நீட்டினால் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். 2019 ஹேட்ச்பேக்கில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

#4 வைகைக்கரை

அலுமினியம் ஃபாயிலில் சுற்றி வைத்தால் போதும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சரியா? பை வாங்க வேண்டியதில்லையா?

#5 ரிலே87

ஃபாயில் வேலை செய்யும், ஆனால் நம்பி இருக்க முடியாது. சமையலறை ஃபாயிலின் கனம் சுமார் 0.016 மி.மீ. சாவியின் 433 மெகாஹெர்ட்ஸ் பதிலை அடைக்க அது தாராளம். காரின் 125 கிலோஹெர்ட்ஸ் அழைப்பு காந்தப்புலமாக வருவது. அதை முழுக்க நிறுத்த அந்தக் கனம் காணாது. இரண்டில் ஒரு வழி அடைபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும் என்பதால்தான் ஃபாயில் பிழைக்கிறது. மடிப்பில் ஒரு பொத்தல் விழுந்தால் அதுவும் போச்சு. தினமும் பிரித்துச் சுற்றினால் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும்.

பையோ டப்பாவோ, சோதனை ஒன்றுதான். இரண்டு பேர் தேவையில்லை. காரைப் பூட்டிவிட்டு சாவியைப் பைக்குள் போட்டு மூடுங்கள். டிரைவர் கதவுக்குப் போய், பையைக் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இழுங்கள். திறந்தால் பை குப்பைக்கு. திறக்கவில்லை என்றால் பையைத் திருப்பி, வாய்ப்பக்கம் கைப்பிடியைப் பார்க்கிற மாதிரி வைத்து மறுபடி, பிறகு விளிம்புப் பக்கம் மறுபடி. பெரும்பாலான பைகள் தோற்பது வாய் மடிப்பில்தான். கடைசியாக, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைப் பைக்குள் போட்டு, உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்திப் பாருங்கள். "சாவி இல்லை" என்று வர வேண்டும்.

பைக்குள் மொபைலை வைத்து ரிங் போகிறதா என்று பார்ப்பது சரியான சோதனை இல்லை. மொபைலின் அலைவரிசை வேறு.

உள்ளே இருக்கும் உலோகத் துணி மடிப்பில் நைந்துபோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வீட்டில் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா இருந்தால் பையை விட நீண்ட நாள் உழைக்கும். அதையும் கதவருகே வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மூடி லொடலொடவென்று இருந்தால் சிக்னல் இடுக்கில் வெளியே வந்துவிடும்.

எல்லோரும் மறப்பது ஸ்பேர் சாவியை. தினசரிச் சாவியைப் பையில் போட்டுவிட்டு ஸ்பேரை வாசல் அலமாரியில் விட்டால் ஒரு பயனும் இல்லை. ஸ்பேரைத் திறந்து பேட்டரியைக் கழற்றி, பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள். பெரும்பாலும் சிஆர் 2032 காசு பேட்டரிதான். பேட்டரி இல்லாத சாவியைத் தூரத்திலிருந்து எழுப்ப முடியாது. அவசரத்துக்கு உள்ளிருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் இன்ஜின் எடுக்கும். உள்ளிருக்கும் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. சில மாடல்களில் ஒட்டும் இடம் வேறு, மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு: லாக் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே அன்லாக்கை இரண்டு முறை அழுத்துங்கள். சாவி விளக்கு நான்கு முறை சிமிட்டினால் சாவி உறக்கத்துக்குப் போய்விட்டது. பிறகு ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும்.

#6 நட்டுபோல்ட்டு

பையோட நிறுத்திடாதீங்க சார். பை தடுக்கிறது ரிலே திருட்டை மட்டும்தான். கண்ணாடியை உடைச்சு, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற ஓபிடி போர்ட்டுல (சர்வீஸ் ஸ்கேனர் மாட்டற இடம்) கருவியைச் சொருகி, புது சாவியை எழுதிட்டுப் போறவனுக்கு உங்க சாவி எந்தப் பையில இருக்குன்னு கவலையே இல்லை. அதுக்கு இரும்புதான் பதில்.

மேனுவல் கியர்னா கியர் லாக் போடுங்க. ரிவர்ஸ்ல போட்டுப் பூட்டற மாதிரி வரும். வாங்கறப்ப பார்க்க வேண்டியது பிராக்கெட் எங்க உட்காருதுன்னு. அது கியர் அடித்தகட்டோட, வண்டித் தரையோட போல்ட்டு ஆகணும். பிளாஸ்டிக் கன்சோலைப் பிடிச்சுட்டு நிக்கிற லாக் ஒரே இழுப்புல வந்துடும். போல்ட்டு தலை முறியற வகையா இருக்கணும். முறுக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அறுகோணத் தலை துண்டா உடைஞ்சு விழும், வழுவழுப்பான கூம்பு மட்டும் மிஞ்சும், அதுல ஸ்பேனர் பிடிக்காது. ஃபிட்டர் சாதா போல்ட்டு போட்டாரான்னு கன்சோலை மூடறதுக்கு முன்னாடியே குனிஞ்சு பாருங்க. உடைஞ்ச தலைகளைக் கையில வாங்கி எண்ணிக்கோங்க.

லாக் இறுகினா எண்ணெய் விடாதீங்க, தூசி ஒட்டிச் சேறாகிடும். கிராஃபைட் பவுடர் கொஞ்சம் ஊதினா போதும்.

கியர் குமிழ் திருகற மாதிரியோ பட்டனாவோ வர்ற ஆட்டோமேட்டிக்ல கியர் லாக் பிரயோஜனம் இல்லை. அதுக்கு ஸ்டீயரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துப் பிடிக்கிற லாக் நல்லது. ஸ்டீயரிங்ல மட்டும் குறுக்கா மாட்டற தடிக்கு ஒரு பலவீனம் உண்டு. தடி கெட்டி, ஆனா ஸ்டீயரிங் வளையத்துக்குள்ள இருக்கிறது மெல்லிசான உலோகம். வளையத்தை அறுத்தா தடி கழண்டு வந்துடும். ஆனாலும் வெளியில இருந்து கண்ணுக்குத் தெரியறதால பக்கத்து வண்டிக்குப் போகலாமேன்னு ஒருத்தனை யோசிக்க வைக்கும், அந்த அளவுக்கு லாபம்.

#7 வைகைக்கரை

ஓபிடி போர்ட்டுக்குத் தனிப் பூட்டு விற்கிறார்களே?

#8 நட்டுபோல்ட்டு

போடலாம். ஆனா போர்ட்டை மூடினாலும் அதுக்குப் பின்னாடி வர்ற ஒயர் திறந்தே கிடக்கும். கியர் லாக்குக்கு அப்புறம் காசு மிஞ்சினா போடுங்க. சர்வீஸுக்கு விடறப்ப அந்தப் பூட்டுச் சாவியையும் கொடுக்க மறந்துட்டு அலையறவங்க நிறைய.

#9 ரிலே87

ஓபிடி கூட இல்லாமல் உள்ளே போகும் வழி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காருக்குள் கன்ட்ரோல் யூனிட்டுகள் கேன் பஸ் என்ற இரண்டு ஒயர்களில் பேசிக்கொள்கின்றன. சில கார்களில் அந்த ஒயர்கள் ஹெட்லைட் வரைக்கும் வருகின்றன. பம்பரை நெகிழ்த்தி ஹெட்லைட் கனெக்டரில் ஒரு கருவியைச் சொருகி, "சரியான சாவி வந்துவிட்டது" என்ற செய்தியைப் போலியாகச் செலுத்துவார்கள். சாவியிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை. லண்டனில் 2022ல் பாதுகாப்பு ஆய்வாளர் இயன் டேபரின் டொயோட்டா ராவ்4 இப்படித்தான் போனது. அவரும் கென் டிண்டலும் சேர்ந்து கருவியை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்து 2023ல் வெளியிட்டார்கள். வெளிப்பார்வைக்கு அது ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர்.

இந்த வகைக்கு நிற்பவை இரண்டு: இரும்புப் பூட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் ஒயரைத் துண்டித்து வைக்கும், கேன் பஸ்ஸுக்குத் தெரியாத மறைவான கட் ஆஃப் சுவிட்ச்.

#10 நட்டுபோல்ட்டு

கட் ஆஃப் சுவிட்ச்னா ஃபியூயல் பம்ப்ல போடறதுதான் வழக்கம். பம்ப் ஒயரை வெட்டி நடுவுல ஒரு சுவிட்ச், வேலை முடிஞ்சுது.

#11 ரிலே87

அண்ணா, அதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். பம்பை நிறுத்தினாலும் லைனில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் இன்ஜின் எடுத்து சில விநாடி ஓடும். வண்டி நிறுத்திய இடத்தை விட்டு நகர்ந்து தெரு முனையில் நிற்கும், அங்கே கயிறு கட்டி இழுக்க வசதி. பம்ப் ஓடும்போது பல ஆம்பியர் இழுப்பதால் சின்ன டாகிள் சுவிட்ச் நாளடைவில் கருகும். அது நெடுஞ்சாலையில் கருகினால் லாரிக்கு முன்னால் வண்டி அணையும். பாதுகாப்புக்குப் போட்டதே ஆபத்தாகிவிடும்.

ஸ்டார்ட்டர் ரிலேயில் போடுங்கள் (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் மின் சுவிட்ச் இது, மேலே சொன்ன ரிலே திருட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஓடும்போது அந்தச் சுற்றுக்கு வேலையே இல்லை என்பதால் சுவிட்ச் கெட்டாலும் வண்டி பாதியில் நிற்காது.

முறை இது. சாதாரண நான்கு கால் ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட கால்கள் காயில். 30, 87 கான்டாக்ட். காயில் இழுப்பது 150 முதல் 200 மில்லி ஆம்பியர் வரைதான், அதனால் காயில் பக்கம் மெல்லிய சுவிட்ச் தாங்கும். ஒயரிங்கை வெட்டவே வேண்டாம். ரிலேயைப் பிடுங்கி, அந்தக் குழியில் ஒரு நீட்டிப்பு சாக்கெட்டைச் சொருகி, அதில் 85 ஒயரை மட்டும் சுவிட்சுக்கு எடுத்துப்போங்கள். வாரண்டி பாக்கி இருக்கும் வண்டிக்கு இதுதான் நல்லது, வேண்டாத நாளில் பிடுங்கிவிட்டுப் பழைய ரிலேயைத் திரும்பப் போட்டுவிடலாம்.

இதில் கெடுவது எங்கே என்றால், சில வண்டிகளில் ஈசிஎம் (இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்) அந்தக் காயில் சுற்றைக் கண்காணிக்கிறது. சுற்று திறந்திருந்தால் செக் இன்ஜின் விளக்கு எரியும். அப்படி எரிந்தால் காயிலைத் தொடாமல் 87 பக்கத்தில் இன்னொரு 40 ஆம்பியர் ரிலேயைத் தொடராகப் போட்டு, அதன் காயிலைச் சுவிட்சால் ஓட்டுங்கள். ஸ்டார்ட்டர் சோலினாய்டு எடுக்கும் கணத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும், அதனால் அங்கே ஒயர் அசலின் கனத்துக்குக் குறையக் கூடாது. கூடுதல் ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே ஒன் என் 4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இல்லாவிட்டால் காயில் அணையும்போது எழும் உயர் வோல்டேஜ் சுவிட்ச் முனைகளை அரித்துவிடும்.

சுவிட்சை ஸ்டீயரிங்குக்குக் கீழே வைக்காதீர்கள், முதலில் கை போவது அங்கேதான். டேஷ்போர்டில் காலியாக இருக்கும் டம்மி பட்டன் குழியில் அதே கம்பெனி சுவிட்சைப் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒயர் மேல் பளபளக்கும் பிவிசி டேப் வேண்டாம். கம்பெனி ஒயரிங்கில் இருக்கும் கறுப்புத் துணி டேப்பையே சுற்றுங்கள்.

ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளுக்கு இது பொருந்தாது. ஆரஞ்சு நிற ஒயரை யாரும் தொடவே கூடாது.

#12 நட்டுபோல்ட்டு

நெடுஞ்சாலை விஷயம் நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா மேனுவல் வண்டியில ஸ்டார்ட்டரை மட்டும் அடைச்சா, இறக்கத்துல தள்ளி ரெண்டாவது கியர்ல கிளட்ச் விட்டா எடுத்துடுமே. இம்மொபிலைசரை ஏற்கெனவே ஏமாத்திட்டவனுக்கு அது ஒரு வழி. அதனால இவருக்கு ஸ்டார்ட்டர் கட் ஆஃபோட கியர் லாக்கும் சேர்ந்தே இருக்கணும். ரிவர்ஸ்ல பூட்டின வண்டியை ரெண்டாவது கியருக்கு மாத்த முடியாது.

#13 ரிலே87

சரிதான், மேனுவலுக்கு இரண்டும் சேர்ந்தே.

#14 தெருவிளக்கு

ஜிபிஎஸ் வேண்டாமா அப்போ?

#15 சாவிக்கொத்து

ஜிபிஎஸ் திருட்டைத் தடுக்காது, போன பிறகு தேட உதவும். வாங்கினா 4ஜி கருவியா வாங்குங்க, உள்ளே பேக்கப் பேட்டரி இருக்கணும். வர்ற சிம் 13 இலக்க எண் உள்ள எம்2எம் சிம்மா இருக்கும், அதோட சந்தா தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. சந்தா முடிஞ்சு ஊமையா கிடக்கிற கருவிகள் ஏராளம்.

உறக்கத்துல அது எவ்வளவு மின்சாரம் இழுக்குதுன்னு கேளுங்க. 20 மில்லி ஆம்பியர்னா நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி, ஒரு மாசம் வண்டி சும்மா நின்னா 14 ஆம்பியர் மணிக்கு மேல. கார் தானே இழுக்கிறது இது போக தனி. 35 ஆம்பியர் மணி பேட்டரி அதுலயே படுத்துடும். ஊருக்குப் போறவங்க இதைக் கணக்குப் போட்டுக்கணும்.

போன்ல இருந்தே இன்ஜினை அணைக்கிற வசதின்னு விப்பாங்க. ஓடற வண்டியை அணைக்கிற மாதிரி இணைக்க விடாதீங்க. நின்ன பிறகு மறுபடி எடுக்காத மாதிரி மட்டும் இருக்கட்டும்.

ஆப்பிள் ஏர்டேக் மாதிரி இருக்கிற இடத்தைக் காட்டற குட்டிக் கருவி ரெண்டாவது துணைக்கு நல்லது. ஆனா 60 டிகிரி செல்சியஸ்தான் அதோட வெயில் எல்லை, சித்திரை வெயில்ல டேஷ்போர்டு மேல வெக்காதீங்க, சீட்டுக்கு அடியில தைச்சு வைங்க. தன்கூட ஒரு ஏர்டேக் வருதுன்னு திருடனோட போனே அவனுக்குச் சொல்லிடும், அது தெரிஞ்சே வைங்க.

#16 பாலிசிபக்கம்

இன்சூரன்ஸ் கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தெருவிளக்கு, ஒரு சாவி போதாது. திருட்டு கிளெய்மில் இரண்டு அசல் சாவியும் கேட்பார்கள். ஒன்று இல்லை என்றால் வண்டிக்குள்ளேயே விட்டீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும், கவனக்குறைவு என்ற பெயரில் கிளெய்மை மறுக்கப் பார்ப்பார்கள். ஆகவே இப்போதே, வண்டி பத்திரமாக இருக்கும்போதே காகிதத்தைத் தயார் செய்யுங்கள். விற்றவரிடம் "ஒரு சாவி மட்டுமே ஒப்படைத்தேன்" என்று தேதியிட்ட கையெழுத்துக் கடிதம், சாவி தொலைந்ததற்குக் காவல்துறையில் ஒரு பதிவு, புது சாவி வாங்கிய ரசீது, பழைய சாவிப் பதிவை அழித்ததாக வேலைச் சீட்டில் ஒரு வரி. இவ்வளவையும் ஸ்கேன் செய்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

பாலிசி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்றும் பாருங்கள். ஆர்சி மட்டும் மாறி பாலிசி பழைய பெயரில் நின்றால் திருட்டு கிளெய்ம் அங்கேயே சிக்கும்.

திருடு போனால் அன்றைக்கே எஃப்ஐஆர். 2024 ஜூலை முதல் ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் பதிவாகும். அன்றைக்கே கம்பெனிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்து கம்பெனிக்குச் சொன்னது மட்டும் தாமதம் என்றால் அதை வைத்து மறுக்க முடியாது என்று 2020ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம், அந்தத் தீர்ப்பு வரை போகவே பல வருடம் ஆகும். சாவியை இக்னிஷனிலேயே விட்டுப் போன லாரி வழக்கில் 2023ல் 75 சதவீதம் தரச் சொன்னார்கள். முழுத்தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் இறுதி அறிக்கை, கையெழுத்திட்ட ஆர்டிஓ படிவங்கள் 28, 29, 30, அசல் ஆர்சி ஆகியவையும் தேவைப்படும். ஆர்சியை வண்டியில் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் காட்டினால் போதும்.

ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி உண்டு. தொகை சிறியது. சான்று இல்லாத கருவிக்கு அது கிடைக்காது.

#17 வைகைக்கரை

ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். ஜாமர் வைத்து ரிமோட் சிக்னலைக் கெடுத்து, வண்டி பூட்டாமலே நம்மைப் போக வைப்பதும் உண்டு. பூட்டியதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்மார்ட் சாவி பாக்கெட்டில் இருந்தால் இழுத்தாலே திறந்துகொள்ளும் வண்டிகளில் அது எதையும் காட்டாது. கண்ணாடி மடிகிறதா, இண்டிகேட்டர் சிமிட்டுகிறதா என்று நின்று பாருங்கள். சந்தேகம் என்றால் சாவியைக் கூட வந்தவரிடம் கொடுத்து நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுத்துப் பாருங்கள்.

#18 தெருவிளக்கு

அனைவருக்கும் நன்றி. ஸ்கேன் செய்து பார்த்தாயிற்று. பதிவான சாவிகள் 3 என்று காட்டுகிறது. கையில் இருப்பது ஒன்று, தொலைந்ததாகச் சொன்னது ஒன்று, மூன்றாவது எது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. அழித்துவிட்டு இரண்டு மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்கணுமா?

#19 சாவிக்கொத்து

மூணாவது யாரோடதா இருந்தாலும் இனி இன்ஜினை எடுக்காது. ஆனா மெமரியில அழிச்சது சிப்பைத்தான், உலோகத்தை இல்லை. அந்த ரெண்டு சாவிக்குள்ளயும் இருக்கிற பிளேடு இன்னமும் உங்க டிரைவர் கதவைச் சத்தமில்லாம திறக்கும். உள்ளே இருக்கிற பொருளும் ஓபிடி போர்ட்டும் அவன் கைக்கு வந்துடும், கண்ணாடி உடைக்கிற சத்தம்கூட இருக்காது.

ரெண்டு வழி இருக்கு. டிரைவர் கதவு சிலிண்டரைக் கழட்டி உள்ளே இருக்கிற தகடுகளை மாத்தி அடுக்கி, ரெண்டு சாவிக்கும் புது பிளேடு வெட்டறது ஒண்ணு. கைதேர்ந்த பூட்டுக்காரர் செய்வார். டிக்கிக்குத் தனிச் சிலிண்டர் இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்க. அது இப்போ முடியாதுன்னா, ரிமோட்ல பூட்டி அரை நிமிஷம் விட்டு, உலோகச் சாவியால கதவைத் திறந்து பாருங்க. அலாரம் அடிச்சா தற்காலிகமா அது காவல். அடிக்கலைன்னா சிலிண்டரை மாத்தற வரைக்கும் தினமும் ராத்திரி கியர் லாக் போடாம இறங்காதீங்க, கிளவ் பாக்ஸைக் காலியா வைங்க.